ரெனானுக்குப் போன பாம்பு

என் மகள் ரெனானில் இருக்கிறாள். சுவிஸில் லோசானுக்குப் பக்கத்து ஊர், பிரெஞ்சு பேசுகிற பக்கம். அங்கே ஒரு மருந்துக்கடையில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், கூடவே பிரெஞ்சும் படிக்கிறாள். இதை நான் கோயில் மண்டபத்தில் அன்னதான வரிசையில் நின்று சொல்லியிருக்கிறேன். ஓல்டன் ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் வேலைக்கு ஓடிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். கனடாவுக்கும் இலண்டனுக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அவளுடைய அறை எப்படி, சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் பதில் சொல்வேன். நான் ஒரு தடவைகூட ரெனானில் இறங்கியதில்லை.

அவளும் இறங்கியதில்லை. போன இலையுதிர்காலத்திலிருந்து அவள் ஒரு மனநல மருத்துவமனையில் இருக்கிறாள். ஓல்டனிலிருந்து ஒரு ரயில், பிறகு ஒரு பஸ், எல்லாமாக நாற்பது நிமிடம்.

ஏன் ரெனான் என்று கேட்டால், பொய்க்கு ஊர் பார்ப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கவனமாகச் செய்யவேண்டிய வேலை. ஓல்டனுக்கு அருகில் எந்த ஊரைச் சொன்னாலும் எங்கள் ஆட்களில் யாராவது அங்கே வேலைக்குப் போய்வருவார்கள். சூரிச் பக்கம் சொல்ல முடியாது, ஊஸ்டரில் என் அக்கா இருக்கிறா. ரெனானிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, ஆனால் எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. இதையெல்லாம் ஒரே மத்தியானத்தில் யோசித்து முடித்தேன். மகளுக்கு என்ன வருத்தம் என்று யோசிக்க எனக்கு அவ்வளவு வேகம் வரவில்லை.

இங்கே ஓல்டனில் ஒரு மருந்துக்கடையில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவள் ஒரு திங்கட்கிழமை எழும்பவில்லை. செவ்வாயும் எழும்பவில்லை. நான் காய்ச்சல் என்று நினைத்து ரசம் வைத்தேன். பிறகு சோம்பல் என்று நினைத்து ஏசினேன். மூன்றாவது கிழமை அவளே ஒரு பையில் உடுப்பை அடுக்கிவைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "அப்பா, என்னைக் கொண்டுபோய் விடுங்கோ. இனி என்னால ஏலாது" என்றாள். கொண்டுபோய் விட்டேன். மருத்துவமனை வாசலில் நான் முதலில் தேடிப் பார்த்தது வைத்தியரை அல்ல. துப்புரவு வண்டி தள்ளிக்கொண்டு போனவரின் முகத்தைத்தான் பார்த்தேன், தமிழரோ என்று. தமிழர் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவள் என்னிடம் விட்டுப்போனது ஒரு பாம்பை.

விஷமில்லாத பாம்பு. கோர்ன்நாட்டர் என்று இங்கே சொல்வார்கள், இந்த நாட்டில் நிறையப் பேர் வளர்க்கிறார்கள். நாலடிக்குக் கொஞ்சம் கூட, செம்மஞ்சள் நிறம், முதுகு முழுக்கச் சிவப்புத் திட்டுகள். அதற்கு ஒரு பெயரும் உண்டு, அதை இங்கே எழுதமாட்டேன். பத்தொன்பது வயதில் ஒருநாள் துணிப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். நான் குதித்தேன். சாமிப்படம் இருக்கிற வீட்டில் பாம்பு வைக்கலாமோ என்று கத்தினேன். "சாமியின்ட கழுத்தில என்ன கிடக்குது அப்பா?" என்று கேட்டாள். அதோடு என் கட்சி தோற்றது.

உறைந்த எலிகள் எங்கள் ஃப்ரீசரில் முருங்கைக்காய்ப் பொதிகளுக்குப் பின்னால் குடியேறின. வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சமாமிசம் இல்லை, அது பாம்புக்கும் சேர்த்துத்தான் என்று சட்டம் போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் இடையில் சண்டையில்லாமல் முடிந்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவள் பாம்பின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். எனக்கு விளங்கும்படி எளிய ஜெர்மனில், பெரிய எழுத்தில். பத்து நாளுக்கு ஒரு எலி. தண்ணீர் தினமும் மாற்றவேண்டும். காலையும் மாலையும் பெட்டிக்குள் தண்ணீர் விசிறவேண்டும். ஈரப்பாசி வைத்த டப்பா காயக்கூடாது. கண் நீலமானால் தொடக்கூடாது, தீனி போடக்கூடாது, காத்திருக்கவேண்டும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். பார்வையாளர் அறையில் காப்பி மெஷினுக்குப் பக்கத்து மேசை எங்களுடையது. சாப்பிட்டாயோ என்று கேட்பேன். தலையாட்டுவாள். நித்திரை வந்ததோ என்று கேட்பேன். தலையாட்டுவாள். பிறகு அவள் பாம்பைப் பற்றிக் கேட்பாள். அது சாப்பிட்டதோ, எந்தப் பக்கம் படுத்திருக்குது, பாசி ஈரமாக இருக்குதோ. அந்தக் கேள்விகளில்தான் அவள் குரல் பழைய குரலாக இருக்கும். அந்தக் குரலுக்காகவே நான் கிழமை முழுக்கப் பாம்பைப் பார்த்துச் செய்தி சேர்ப்பேன். ஒருநாள் அது தண்ணீர்க் கிண்ணத்துக்குள் முழுதாகச் சுருண்டு கிடந்தது என்று சொன்னபோது, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது நான் அழுதேன்.

ஜனவரியில் பாம்பின் கண் நீலமானது. பால் கலந்த நீலம், மனிதருக்குக் கண்ணில் வெள்ளை படர்வதைப் போல. தொலைபேசியில் சொன்னேன்.

"நிறமெல்லாம் மங்கிப்போச்சோ?"

"ஓம் பிள்ளை. சாம்பல் பூசினமாதிரிக் கிடக்குது."

"அப்ப இன்னும் ஒரு கிழமையில கழட்டிப்போடும். கழட்டினவுடன சொல்லுங்கோ அப்பா. புதுத்தோலோட அது நல்ல வடிவா இருக்கும். அதைப் பாக்க ஒருநாள் வீட்டை வாறன்."

வீட்டுக்கு வருகிறேன் என்று அவள் சொன்னது மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஒருநாள் போய்வரலாம் என்று வைத்தியரும் சொல்லிவிட்டாராம். நான் அன்றைக்கே அவளுடைய கட்டில் விரிப்பை மாற்றினேன். கணவாய் வாங்கி ஃப்ரீசரில் வைத்தேன். இனி எல்லாம் அந்தப் பாம்பின் கையில், அதாவது என் கையில்.

இங்கேதான் நான் என் முதல் மடைத்தனத்தைச் சொல்லவேண்டும். எங்கள் கட்டடத்துப் பராமரிப்பாளர், ஹவுஸ்வார்ட் என்று சொல்வார்கள், அவருக்கு ஷிம்மல், அதாவது சுவரில் பிடிக்கிற பூஞ்சணம், என்றால் போதும், கோபம் ஏறிவிடும். தமிழர் வீட்டில் அவித்து அவித்துத்தான் பூஞ்சணம் வருகிறது என்பது அவருடைய முடிவு. மார்கழியில் குளியலறை மூலையில் ஒரு கறுப்புப் பொட்டைக் கண்டுபிடித்து விரலை ஆட்டி எனக்கு ஒரு பாடம் நடத்தினார். நாளுக்கு மூன்று தடவை எல்லாச் சன்னலையும் விரியத் திறக்கவேண்டும், வீட்டுக்குள் ஈரம் கூடாது. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் யார் சீருடை போட்டு என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகியவன். சன்னலைத் திறந்தேன். ஹீட்டரைக் கூட்டினேன். பாம்புப் பெட்டிக்குத் தண்ணீர் விசிறுவதை நிறுத்தினேன். பாசி காய்ந்து தும்பானது. மகள் எழுதிய தாளைவிட அந்த மனிதரின் விரல் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வறண்ட காற்றில் பாம்பால் தோலைக் கழற்ற முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. கண் தெளிந்தது. பிறகு மூக்கு நுனியில் தோல் வெடித்தது. அது கல்லில் உரசியது, மரக்கிளையில் உரசியது. முகத்துத் தோல் மட்டும் கிழிந்து வந்தது. மிச்சம் வரவில்லை. கழுத்துக்குக் கீழே வளையம் வளையமாக, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. வால் நுனியில் இறுகிப்போய் அந்த இடம் கறுத்துத் தெரிந்தது. மூன்று நாள் பார்த்தேன். மகள் தினமும் தொலைபேசி எடுத்தாள்.

"கழட்டிப்போட்டுதோ?"

"கழட்டுது பிள்ளை. மெல்ல மெல்லக் கழட்டுது."

அது சனிக்கிழமை. எங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை என்றால் எண்ணெய் முழுக்கு. தோல் வறண்டால் நல்லெண்ணெய், தலை கொதித்தால் நல்லெண்ணெய், குழந்தைக்கு நல்லெண்ணெய், கிழவனுக்கும் நல்லெண்ணெய். பாம்புக்கு மட்டும் ஏன் வேறு வைத்தியம் என்று நினைத்தேன். மகளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் நான் தண்ணீர் விசிறாமல் விட்டது தெரிந்துவிடும். எண்ணெயை இளஞ்சூட்டில் காய்ச்சி, ஒரு துணியில் தொட்டு, பாம்பை மடியில் வைத்துக்கொண்டு கழுத்திலிருந்து வால்வரை பூசினேன். நாலு வருடத்தில் அதைத் தொட்டுத் தூக்கியது அன்றுதான். அது என் கையில் நெளிந்தது, கடிக்கவில்லை. நல்ல பிராணி. பூசி முடித்ததும் வெந்நீரில் கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் இன்னும் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு சாவணத்தை எடுத்தேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மீனில் முள் எடுப்பது அங்கே என் வேலை. கிழவர் கிழவிகளின் தொண்டையில் ஒரு முள் போகக்கூடாது, அதற்கென்று ஒரு சின்னச் சாவணம் இருக்கிறது, நுனி தட்டையாக. என்னைப்போல் சுத்தமாக முள் பிடுங்க யாரும் இல்லை என்று தலைமைச் சமையற்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இந்த நாட்டில் என்னைப்பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான், அதை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன். வீட்டிலும் ஒரு சாவணம் வைத்திருந்தேன். அதைக் கொண்டு துண்டு துண்டாகத் தோலை உரித்தேன். முதுகு வந்தது. வயிறு வந்தது. வால் நுனி வளையமும் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியில் இடது கண்ணின் மேல் ஒரு சருகு தெரிந்தது. வலது கண் மினுமினுவென்று இருந்தது, இடது கண் மட்டும் சுருங்கிய தாள் ஒட்டினமாதிரி. அதையும் எடுத்துவிட்டால் வேலை முழுசாக முடிந்தது. தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சாவண நுனியால் அந்தச் சருகின் ஓரத்தைப் பற்றி, முள்ளை இழுக்கிறமாதிரி ஒரே இழுப்பாக இழுத்தேன்.

பாம்பு கத்தாது. கத்தியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதன் உடம்பு முழுக்க என் மணிக்கட்டில் இறுகியது, அவ்வளவுதான். சாவணத்தில் சருகு மட்டும் வரவில்லை. அடியில் இருந்ததும் சேர்ந்து வந்திருந்தது. கண் இருந்த இடத்தில் ஈரமும் கொஞ்சம் இரத்தமும் இருந்தன.

ஞாயிறு, காய்ச்சல் என்று சொல்லி மகளைப் பார்க்கப் போகவில்லை. திங்கட்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, பாம்பைத் தலையணை உறைக்குள் கட்டி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். இளம் பெண். எனக்காக மெதுவாகப் பேசினார். பாம்புக்கு இமை இல்லை, கண்ணின் மேல் ஒரு கண்ணாடிச் செதிள்தான் இருக்கிறது, தோல் கழற்றும்போது அதுவும் புதிதாகும் என்றார். வறட்சியில் பழையது ஒட்டிக்கொண்டால் விட்டுவிடவேண்டும், அடுத்த தடவை தானாக வந்துவிடும். எதைக்கொண்டு இழுத்தீர்கள் என்று கேட்டார். சட்டைப்பையிலிருந்த சாவணத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை இல்லை. களிம்பு தந்தார். அடுத்த தடவை என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லித்தந்தார்: ஒரு மூடி போட்ட பெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர், ஈரத் துவாய், பொறுமை. உங்கள் கை ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றார்.

அன்று மகள் தொலைபேசி எடுத்தாள்.

"கழட்டிப்போட்டுது பிள்ளை" என்றேன்.

"முழுசாவோ?"

"முழுசா."

"அப்ப சனிக்கிழமை வீட்டை வரட்டோ?"

மூன்று மாதமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். விரிப்பு மாற்றிய கட்டில் அந்த அறையில் கிடந்தது. நான் சொன்னேன்: "இந்தச் சனி வேண்டாம் பிள்ளை. குளியலறையில பைப் திருத்துறாங்கள். தண்ணி இல்லை." "சரி, அப்ப ஞாயிறு வரேக்க தோலைக் கொண்டுவாங்கோ" என்றாள். பெற்ற மகளை வீட்டுக்கு வராதே என்று சொன்ன வாயால்தான் அன்று தேவாரமும் பாடினேன்.

என்னிடம் தோல் இல்லை. குப்பை வாளியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிழிந்த துண்டுகள்தான் இருந்தன. ஆனால் அவளுடைய மேசை லாச்சிக்குள் பழைய தோல்கள் இருந்தன. அது கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு கடித உறையில் போட்டு, மேலே திகதி எழுதி வைத்திருந்தாள். கடைசி உறையிலிருந்து தோலை எடுத்து, ஒரு புது உறைக்குள் மாற்றினேன். தலை முதல் வால்வரை கிழியாமல் ஒரே துண்டு. இரண்டு கண்ணும் இரண்டு சின்னக் கண்ணாடி மாதிரி அதில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அதை அவள் முன்னால் மேசையில் வைத்தேன்.

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்து நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வால் நுனிக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"அப்பா, இதில ஊசி குத்தின ஓட்டை கிடக்குது."

அதை அவள் போன வருடம் சில மாதம் சுவரில் குத்தித் தொங்கவிட்டிருந்தாள். அவள் வீட்டில் இருந்தவரை நான் அந்த அறைக்குள் போனதேயில்லை, எனக்கு எப்படித் தெரியும்.

"இது போன வருஷத் தோல். ஏன் அப்பா இதைக் கொண்டந்தனீங்கள்? பாம்பு எங்க?"

"வீட்டில தான் பிள்ளை."

தோலை மடித்து உறைக்குள் வைத்தாள். சத்தம் போடவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லாட்டி பாம்பும் ரெனானுக்குப் போட்டுதோ?"

ரெனான் கதை அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. கோயிலில் என்னிடம் கேட்டறிந்த யாரோ ஒருத்தி, ரெனான் எப்படி என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் அதை வாசித்திருக்கிறாள். நல்லா இருக்குது என்று பதிலும் போட்டிருக்கிறாள், என் மானத்தைக் காப்பாற்ற.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஹவுஸ்வார்ட், எண்ணெய், சாவணம், கண். எந்தக் கண் என்று மட்டும் கேட்டாள். இடது என்றேன். நோகுதோ என்று கேட்டாள். மருந்து போடுகிறேன் என்றேன். காப்பி மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"அம்மாவுக்கும் பித்தப்பையில கல்லு எண்டுதான் சொன்னனீங்கள்" என்றாள்.

அது பதினொரு வருடத்துக்கு முந்திய கதை. என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்கு வருகிற ஜெர்மன் கடிதங்களை எல்லாம் வாசித்து எங்களுக்குச் சொல்வது அவள்தான். ஆஸ்பத்திரிக் கடிதங்களை மட்டும் அவள் கண்ணில் படாமல் வேலையிடத்துக்குக் கொண்டுபோய் அங்கே ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்தேன். அம்மா அடுத்த கிழமை வந்துவிடுவா என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிள்ளை பயப்படக்கூடாது என்று நினைத்தேன். எங்கள் குடும்பங்களில் இது பொய் இல்லை, பாசம். அடுத்த கிழமை அவள் அம்மாவைப் பெட்டியில்தான் பார்த்தாள். கடைசியாக ஒரு வார்த்தை கதைக்க அவளுக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

எழும்பும்போது அவள் சொன்னாள்: "ஊஸ்டர் மாமியிட்டப் போய் நான் எங்க இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. மற்றவைக்கு வேண்டாம், மாமிக்கு மட்டும். சொல்லிப்போட்டு வாங்கோ, நான் இங்கதான் இருப்பன். சொல்லாமல் வராதேங்கோ." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்க இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை சூரிச்சில் ரயில் மாறி ஊஸ்டருக்குப் போனேன். ரயிலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அக்கா, பிள்ளைக்கு மனவருத்தம். அக்கா, பிள்ளை ஆஸ்பத்திரியில். ஐந்து சொல்கூட இல்லை. என் அக்கா கெட்டவள் இல்லை, அதைச் சொல்லவேண்டும். தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் வைத்தா. என் முகம் மெலிந்துவிட்டது என்று கவலைப்பட்டா. பிறகு, தெரிந்த குடும்பத்துப் பொடியன் ஒருவன் மனவருத்தத்தால் வேலைக்குப் போகாமல் இருப்பதைச் சொன்னா.

"பாவம் தம்பி. இந்தக் காலத்தில எத்தினை பிள்ளையளுக்கு இது. தாய் தகப்பன் ஒளிச்சு வைச்சு என்ன கண்டதுகள்? ஒரு வார்த்தை சொன்னா நாங்களும் போய்ப் பாக்க மாட்டமோ?"

இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் எனக்குத் திறக்க முடியாது. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அக்கா, பாவம்" என்றேன்.

"எங்கட பிள்ளை சுகமோ? ரெனானில குளிரோ?"

"சுகம். குளிர்தான்."

"அந்தப் பாம்பையும் கூடக் கொண்டு போட்டாளோ?"

"ஓம் அக்கா" என்றேன். "பாம்பையும் கொண்டு போட்டாள்."

வெளிக்கிடும்போது அக்கா ஒரு தகரப் பேணி நிறைய வடையைத் தந்து, பிள்ளைக்குத் தபாலில் அனுப்பிவிடச் சொன்னா. அந்தப் பேணியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். இதுவரை நான் சனத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்துதானே செய்தேன் என்று. அந்த நாலு பேரில் முதல் ஆள் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டும் நான் போகவில்லை. குற்றம் சொல்ல எனக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. வடை பேணிக்குள்ளேயே நமத்துப்போய்விட்டது.

அந்த ஞாயிறு மருத்துவமனைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. சொன்னேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதைச் செய்யவில்லை என்பதுதான் என்னைப்பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல செய்தி.

மார்ச் மாதம் பாம்பின் கண் மறுபடியும் நீலமானது, இருக்கிற ஒரு கண். இந்த முறை நான் எதையும் என் இஷ்டத்துக்குச் செய்யவில்லை. காலையும் மாலையும் விசிறினேன். பாசியை நனைத்தேன். ஹவுஸ்வார்ட் வந்து எதையோ சொன்னபோது கதவைச் சாத்தினேன். கண் தெளிந்து, மூக்கில் தோல் வெடித்த அன்று லீவு போட்டேன். குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, ஈரத் துவாயைச் சுருட்டி வைத்து, பாம்பை உள்ளே விட்டுப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அரைமணி நேரம் கழித்துத் துவாயோடு தூக்கிக் கையில் தளரப் பிடித்தேன். இறுக்கவில்லை, இழுக்கவில்லை. அது தானாகத் துவாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. நான் துவாயைத் திருப்பிப் பிடித்தேன், மறுபடியும் நுழைந்தது. தலைப்பக்கத்துத் தோல் உள்பக்கம் வெளியாகச் சுருண்டு, காலுறை கழற்றுகிறமாதிரி மெல்ல மெல்லப் பின்னால் போனது. என் விரல்களுக்கு நடுவில் ஒரு புதுப் பாம்பு வந்துகொண்டே இருந்தது. கைக்கு ஒரு வேலையும் இல்லை, அந்த வைத்தியப் பெண் சொன்னது சரிதான். இவ்வளவுதான் செய்யவேண்டியிருந்தது. ஜனவரியில் இதைச் செய்திருந்தால் அவள் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாளோ என்று நினைத்து நினைத்து, அந்தக் குளியலறைத் தரையில் குரல் எடுத்து அழுதேன்.

தோல் முழுசாக வந்தது. வலது கண் இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு செதிள். இடது பக்கம் ஒரு சுருக்கம். காயவைத்து, உறைக்குள் போட்டு, அவள் எழுதுகிறமாதிரியே மேலே திகதி எழுதினேன். அது லாச்சிக்குள் இருக்கிறது. தபாலில் அனுப்பலாம், ஆனால் அவள் கடைசியாக என்னிடம் கேட்டது தோல் இல்லை.

அதனால்தான் இதை எழுதினேன். வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைத்தால், என்றோ ஒருநாள் அக்கா வாசிக்கட்டும் என்று. எழுதிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் மகளின் பெயரை எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு மகள் என்று போட்டேன். அக்காவின் பேரப்பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பாம்பைக் கையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள், இதை வாசித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே அதையும் மாற்றிவிட்டேன். பாம்பு செம்மஞ்சள் இல்லை.